காவல் நிலையத்தில் மதகுருவுக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 23 வயது. வியாசர்பாடியில் பெற்றோர் வீட்டைவிட்டு வந்து, வேளச்சேரியில் என் தோழியுடன் வாழ்கிறேன். நாங்கள் இணையர். மகளைக் காணவில்லை என்று அப்பா புகார் கொடுத்துவிட்டார், விசாரணைக்கு அழைக்கிறார்கள். எங்கள் மதகுருவும் வருகிறாராம். நாற்பது நாள் தங்கவைத்தால் ‘சரியாகிவிடும்’ என்கிறார். நான் பிரார்த்தனையை விட்டவள் அல்ல. போகலாமா?

பதில்: போங்கள், தனியாகப் போகாதீர்கள். எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை. நல்லது, இந்தக் குரு எல்லா மதத்திலும் இருக்கிறார்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு உங்கள் நிலைமைக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸார் புகாரை முடித்துவிட வேண்டும்.

ஆகவே எல்லாம் உங்கள் வாக்குமூலத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதட்ட மாட்டார்கள். தேநீர் வரும். “அம்மா அழுகிறார்களே, ஒரு வாரம் வீட்டுக்குப் போய்விட்டு வாம்மா” என்பார்கள். நீட்டும் தாளின் கடைசி வரியில் ‘பெற்றோருடன் செல்லச் சம்மதிக்கிறேன்’ என்று இருக்கும். அதில் கையெழுத்திடாதீர்கள். சொந்த விருப்பத்தில் வந்தேன், யாரும் கடத்தவில்லை, திரும்பிப்போக விருப்பமில்லை என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்து, நகல் வாங்குங்கள். வயதைக் காட்டப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதும். கழுத்தில் கிடக்கும் சங்கிலியையும் வாக்குமூலத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். அடுத்த புகார் நகைத் திருட்டாக வருவது வழக்கம்.

குரு அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவைக் காட்டக்கூடும். மதச் சுதந்திரம் பொது ஒழுங்குக்கும் பிற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. உங்களைப் பாவி என்று அவர் பிரசங்கிக்கட்டும். ஆனால் நாற்பது நாள் பூட்டிவைத்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. மேலும், அதே 25ஆவது பிரிவுதான் உங்கள் பிரார்த்தனைக்கும் காவல்.

மருத்துவர் எவரையாவது கூட்டிவந்தால், ஒருபாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்றும் சிகிச்சை’ தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்ததை நினைவூட்டுங்கள்.

திருமணம் செய்துகொண்டோம் என்று அங்கே வாதிட வேண்டாம். ஒருபாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. சேர்ந்து வாழ அது தடையும் அல்ல.

பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்றாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். எண் 15100. ஒருவேளை உங்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றால், உங்கள் தோழியே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படி ஒரு மனுவில்தான் 25 வயதுப் பெண் ஒருவரைத் தோழியுடன் செல்ல நீதிமன்றம் அனுமதித்தது. வாக்குமூலத்தின் ஒரு பிரதியைக் கிளம்பும் முன்பே உங்கள் தோழியிடம் கொடுத்துவையுங்கள்.