கேள்வி பதில்: ஆட்டக்களத்தில் ஒரு பெயர்

பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளில் பெயர் சூட்டிக்கொள்வது குறித்து வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும் இடம்பெறுகின்றன.

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு விளையாட்டில் ‘கரிகாலன்’ என்று பெயர் கொடுத்தான். வேறொருவர் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்று வந்ததால், பிறந்த ஆண்டைப் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டான். ஊரெல்லாம் கரிகாலன்கள் இருக்கும்போது, விளையாட்டில் மட்டும் ஒருவர்தான் இருக்கலாம் என்பது என்ன நியாயம்?
(வாசகர், மதுரை)

நியாயம் என்று எதுவும் இல்லை. அது அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் எடுத்த முடிவு. 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒரு சர்வருக்குள், அதாவது விளையாட்டு உலகத்தின் ஒரு தனி நகலுக்குள், ஒரு பெயரை ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அடுத்த சர்வரில் அதே பெயரில் இன்னொருவர் தாராளமாக உலவலாம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில், சீனாவுக்கான தனி சர்வர் நீங்கலாக, எல்லா விளையாட்டாளர்களும் ஒரே உலகத்தில் இருப்பதால், அங்கே உண்மையிலேயே ஒரே ஒரு கரிகாலனுக்குத்தான் இடம். கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளமோ இந்தச் சிக்கலையே வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் ஒரு நீண்ட எண் இருப்பதால், முன்னால் தெரியும் பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், நினைத்தபோது மாற்றலாம். அண்மைக் காலப் போக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ 2023 நவம்பரில் பழைய தனிப் பெயர்களைக் கைவிட்டு, பெயருக்குப் பின்னால் மூன்று முதல் ஐந்து எழுத்து வரையிலான ஒரு குறியைச் சேர்க்கும் முறைக்கு வந்தது. பெயர் பொதுவானது, குறி சேர்ந்த பிறகுதான் ஆள் யாரென்று உறுதியாகும்.

முந்தியவருக்கே பெயர் என்ற விதி இருக்கும் இடங்களில் மக்கள் செய்யும் தந்திரங்கள் சுவையானவை. வார்கிராஃப்ட் 12 எழுத்துகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இலக்கமும் இடைவெளியும் கூடாது. ஆகவே ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் லெகோலஸ் என்ற புகழ்பெற்ற வில்லாளியின் பெயரை விரும்பியவர்கள், பிரெஞ்சு மொழியில் உயிரெழுத்துகளின் தலையில் வரும் கோடுகளையும் கூரைகளையும் அள்ளிப் போட்டு அதே பெயரைப் பெற்றார்கள். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்குத் தனிச்செய்தி அனுப்ப விரும்பும் நண்பர், அந்தக் கோடு எந்த எழுத்தின் மேல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அப்படியே தட்டச்சு செய்தாக வேண்டும். உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: பிறந்த ஆண்டுக்குப் பதில் வேறு ஏதாவது எண்ணை வைத்துக்கொள்ளட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு வயதை அறிவிக்க வேண்டிய தேவை இல்லை.

கதாபாத்திரத்துக்குப் பெயர் யோசிப்பவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள்? புராணம், சினிமா தவிர வேறு ஊற்று உண்டா?
(வாசகி, கோயம்புத்தூர்)

உண்டு. சில விளையாட்டுகள் தாமே ஒரு பெயர் மரபை வகுத்துத் தருகின்றன. இதில் மிகவும் விரிவானது ‘ஃபைனல் ஃபேண்டசி 14’. அங்கே முன்பெயர், பின்பெயர் இரண்டும் கட்டாயம். இரண்டும் சேர்ந்து 20 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அந்த உலகத்தின் ஒவ்வோர் இனத்துக்கும் எப்படிப் பெயர் வைப்பது என்ற வழிகாட்டுதலை விளையாட்டை உருவாக்கியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ரோகடின் என்னும் பேருருவ இனத்தில் கடலோடிப் பிரிவினருக்குத் தந்தை பெயரோடு மகன் அல்லது மகள் என்று பொருள்படும் விகுதி சேர்ந்து பின்பெயராகும். கப்பற்படைத் தலைவியாக வரும் மெர்ல்விப் என்பவரின் பின்பெயர், அவர் இன்னாருடைய மகள் என்பதையே சொல்கிறது. நம் ஊர் இனிஷியலை விரித்து எழுதியது போல என்று கொள்ளலாம். மிகோட்டே இனத்தின் ஒரு பிரிவில் பெயரின் முதல் எழுத்து 26 குலங்களில் எந்தக் குலம் என்பதைக் காட்டும். இந்த விதிகளை மீறினால் தண்டனை கிடையாது. ஆனாலும் இவற்றைக் கருத்தாகப் பின்பற்றுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர் வைப்பதே விளையாட்டின் முதல் கட்டம்.

1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ இன்னொரு வழியைக் கையாண்டது. தொடக்கத்தில் ஒற்றைப் பெயர்தான். 20ஆம் நிலையை எட்டிய பிறகே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பின்பெயரை உழைத்துச் சம்பாதிக்க வைத்த அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது.

போட்டிகளில் விளையாடுகிறவர்களின் பெயர்களுக்கு இத்தகைய மரபு எதுவும் இல்லை. ‘டபுள்லிஃப்ட்’ என்று அறியப்படும் அமெரிக்க விளையாட்டாளர் அந்தப் பெயரைச் சீட்டுக்கட்டு வித்தை ஒன்றிலிருந்து எடுத்தவர். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் பியர்க் தம் குடும்பப் பெயரோடு ஓர் அசையைச் சேர்த்து ‘பியர்க்சன்’ ஆனார். வர்ணனையாளர் மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய பெயர்கள் இவை என்பதைக் கவனியுங்கள்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ ஆகிய கைபேசி விளையாட்டுகளை ஆடும் எங்கள் தெருப் பையன்களின் பெயர்கள் சிறகும் சுருளும் வைத்துப் படிக்கவே முடியாதபடி இருக்கின்றன. இந்த எழுத்துகள் எந்த மொழி?
(வாசகர், திருச்சி)

ஒரே பெயரில் நான்கு நாடுகளின் எழுத்துகள் இருக்கக்கூடும். பெயரின் இரு முனையிலும் சிறகு போல விரியும் அந்த இரட்டைச் சுருள்கள் இந்தோனேசியாவின் ஜாவானிய எழுத்துமுறையைச் சேர்ந்தவை. அந்த மொழியில் தலைப்புகளை அலங்கரிப்பதற்கென்றே இருக்கும் குறிகள். சிரிக்கும் முகம் போலத் தெரிவது, ஜப்பானியக் கட்டகானா வரிசையில் ‘ட்சு’ என்று ஒலிக்கும் எழுத்து. தடித்த பழங்கால எழுத்து போலத் தோன்றும் ஆங்கிலம், கணித நூல்களில் பயன்படுத்துவதற்காக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் தனியாகச் சேர்க்கப்பட்ட குறியீட்டு வரிசை. எல்லாவற்றையும் விட விசித்திரமானது, கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்து: கொரிய மொழியில் காலி இடத்தை நிரப்புவதற்கான குறி அது. இடைவெளியை அனுமதிக்காத விளையாட்டுகளில், குழுவின் பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு இதைத்தான் இடுகிறார்கள். சிலர் அதை மட்டுமே இட்டு, பெயரே இல்லாதவர் போல உலவுகிறார்கள். பெரும்பாலும் இவை ஏதாவது ஒரு தளத்தில் பெயரைக் கொடுத்து, அலங்கரித்துத் தரப்பட்டதை நகலெடுத்து ஒட்டியவை.

மறைந்துகொள்வதற்கும் இதே வகைத் தந்திரம் பயன்படுகிறது. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ விளையாட்டின் முன்னணி வீரர்கள், போட்டிக்கு முன் தங்கள் உத்திகளைப் பிறர் அறியாமல் பயிற்சி செய்ய, ஆங்கிலத்தின் பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ ஆகியவற்றையே வரிசையாக அடுக்கிப் பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். கடைப்பொருள்களின் மேல் இருக்கும் பார்கோடு போலவே இருப்பதால் அந்தப் பெயர்களுக்கும் பார்கோடு என்றே பெயர்.

ஆனால் உங்கள் தெருப் பையன்களை வாய்ஸ் சாட்டில் கேட்டுப் பாருங்கள். எதிரி பின்னால் வருகிறான் என்று எச்சரிக்கும் அரை நொடியில் யாரும் சிறகையும் சுருளையும் படித்துக்கொண்டிருப்பதில்லை. நடுவில் இருக்கும் இரண்டு அசையைச் சொல்லியோ, சட்டை நிறத்தைச் சொல்லியோதான் கூப்பிடுகிறார்கள். இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற பெயர்களில் ஒன்று எழுத்தால் பரவவே இல்லை: 2005இல் வெளிவந்த ஒரு வார்கிராஃப்ட் காணொளியில், குழுவினர் கவனமாகத் திட்டம் தீட்டிக்கொண்டிருக்க, ஒருவர் ‘லீராய் ஜென்கின்ஸ்’ என்று தம் பெயரையே கூவிக்கொண்டு தனியாகப் பாய்கிறார், எல்லோரும் மடிகிறார்கள். நடித்து எடுக்கப்பட்டதுதான். ஆனாலும் அந்தக் கூச்சலுக்காகவே பெயர் நிலைத்தது. பின்னாளில் அந்த விளையாட்டே ‘ஜென்கின்ஸ்’ என்பதை ஒரு பட்டமாக வழங்கத் தொடங்கியது.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

சில இடங்களில் முடியும். பல இடங்களில் முடியாது. முடிகிற இடத்திலும் சரியாகத் தெரியும் என்று நம்ப முடியாது. முதல் தடை எண்ணிக்கை. ‘கரிகாலன்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ எட்டு, ஏனெனில் இகர மேல்விலங்கு, கால், புள்ளி ஆகிய மூன்றும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கில் வருகின்றன. 12 குறிகள்தான் என்று வரம்பு வைத்த விளையாட்டில் தமிழ்ப் பெயருக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டாவது தடை காட்சி. பல விளையாட்டுகள் தங்களுக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டுவருகின்றன. அதில் தமிழ் இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். எழுத்துரு இருந்தாலும், எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வசதி இல்லாவிட்டால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘சேரன்’ என்று வைத்தவர் திரையில் ‘சரேன்’ ஆகிவிடுவார். உண்மையில், நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதற்கு மோகத்தை விட இந்தத் தொல்லையே பெரிய காரணம்.

என் மகள் ஹர்ஷிதா தன் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் ‘தகாத சொல்’ என்று மறுக்கப்படுகிறது. பள்ளியில் வைத்த பெயர் அது.
(ஒரு தாய், சென்னை)

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் நான்கு எழுத்து வசைச்சொல் ஒன்று தற்செயலாக அமைந்துவிடுகிறது. தகாத சொற்களைத் தடுக்கும் வடிகட்டி அதை மட்டும் பார்க்கிறது. ரக்ஷித், லக்ஷிதா என்போருக்கும் இதே கதிதான். இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தவர்கள் 1996இல் ஏஓஎல் இணையச் சேவையில் பதிவு செய்ய முடியாமல் போனதும் இதனால்தான். அந்த ஊரின் பெயரே இந்தக் கோளாறுக்குப் பெயராகிவிட்டது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்குள் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை வைத்துக்கொள்ளலாம்.

திரைப்பட, சித்திரக்கதை நாயகர்களின் பெயரை வைத்தால் வழக்கு வருமா?
(வாசகர், ஈரோடு)

விளையாடுகிறவர் மேல் வருவது அரிது. நிறுவனத்தின் மேல் வந்திருக்கிறது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டில் தங்கள் நாயகர்களைப் போன்ற உருவங்களைப் பயனர்கள் படைக்கிறார்கள் என்று 2004 நவம்பரில் மார்வெல் வழக்குத் தொடுத்தது. சான்றாக அளித்த படங்களில் சிலவற்றை மார்வெல் தரப்பே அந்த விளையாட்டில் உருவாக்கியிருந்தது தெரியவர, நீதிமன்றம் அவற்றை நீக்கியது. 2005 டிசம்பரில் சமரசம் ஆனது. நடைமுறையில் உங்களுக்கு நேரக்கூடியது, ஒருநாள் உள்ளே நுழையும்போது பெயர் மாற்றும்படி கட்டாயப்படுத்தப்படுவதுதான்.

பெண் பெயர் வைத்தால் தேவையற்ற செய்திகள் வருகின்றன. ஆண் பெயர் வைப்பது ஏமாற்று ஆகாதா?
(வாசகி, கொழும்பு)

ஆகாது. விளையாட்டுப் பெயர் அடையாள அட்டை அல்ல. இதை ஒரு பெரிய நிறுவனமே மறந்து பட்ட பாடு உண்டு. வார்கிராஃப்டை நடத்தும் பிளிசார்ட், தன் கலந்துரையாடல் பகுதியில் எழுதுவோர் உண்மைப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று 2010 ஜூலை 6 அன்று அறிவித்தது. வசைபாடுவோரை அடக்குவது நோக்கம். ஆனால் முன்மாதிரியாகத் தம் உண்மைப் பெயரை வெளியிட்ட ஊழியர் ஒருவரின் சொந்த விவரங்களை விரைவிலேயே மற்றவர்கள் தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள். தங்களைத் தேடி யாராவது வரக்கூடும் என்று பெண்கள் உட்படப் பலர் எதிர்த்து எழுதினார்கள். 9ஆம் தேதி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆண் பெயரோ, இரு பாலுக்கும் பொதுவான பெயரோ, பொருளின் பெயரோ, உங்களுக்கு நிம்மதி தருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு பெயரில் பழகுகிறவர்களுக்குள் உண்மையான நட்பு எப்படி உண்டாகும்?
(வாசகர், சிங்கப்பூர்)

நார்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைச் சிதைவு நோயால் 2014இல், 25ஆம் வயதில் இறந்தார். சக்கர நாற்காலியில் முடங்கிப்போன மகனுக்கு நண்பர்களே இல்லை என்றுதான் பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். மகனின் வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியை இட்டபோது, பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எழுதியவர்கள் எல்லோருக்கும் அவர் வார்கிராஃப்டில் ‘ஐபெலின்’. அவர்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து பயணம் செய்து இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஐபெலின் மாற்றுப்பெயர் அல்ல; அவர்கள் அவரை அழைத்த பெயர்.

பதினான்கு வயதில் வைத்த பெயரை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாற்றினால் சேர்த்ததெல்லாம் போய்விடுமா?
(வாசகர், திண்டுக்கல்)

எங்கே விளையாடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! ஈவ் ஆன்லைனில் கதாபாத்திரத்தின் பெயரை நீங்களாக மாற்ற வழியில்லை. பிளேஸ்டேஷனில் 2019 ஏப்ரல் வரை இயலாமல் இருந்தது; இப்போது முதல் மாற்றம் இலவசம், அடுத்தடுத்த மாற்றங்களுக்குக் கட்டணம். பழைய விளையாட்டுகள் சிலவற்றில், சேமித்த முன்னேற்றம் பழைய பெயரோடு கட்டப்பட்டிருப்பதால் சிக்கல் வரலாம் என்று சோனியே எச்சரித்திருக்கிறது. ஆகவே நீங்கள் ஆடுவது அத்தகைய விளையாட்டுகளில் ஒன்றா என்று முதலில் பாருங்கள். மாற்றும்போது, பழைய பெயரும் சில காலம் பக்கத்தில் தெரியும்படி வைக்கலாமா என்று கேட்கும். கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு ஆம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக யாரோ பட்டியலில் நுழைந்துவிட்டார் என்று உங்கள் நண்பர்களே உங்களை நீக்கிவிடுவார்கள்.