மகனைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலத்தில் எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: மகன் லண்டனில் படிக்கிறான். காய்ச்சலோடு படுத்துவிட்டபோது அவன் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார வெள்ளைக்கார அம்மாதான் சூப் வைத்துக் கொடுத்து, டொக்டரிடமும் கூட்டிப்போனா. அடுத்த மாதம் அவ யாழ்ப்பாணம் வருகிறா. ‘யூ ஆர் லைக் கோட் டு அஸ்’ என்று சொல்ல நினைத்தேன். மகன் வேண்டாம் என்கிறான். வேறென்ன சொல்லலாம்? – கோண்டாவில் வாசகி

பதில்: மகன் சொல்வது சரி. ‘தெய்வம் மாதிரி வந்து உதவினீங்கள்’ என்பது எங்கள் ஊரில் மனம் நிறைந்த பேச்சு. அதையே ஆங்கிலத்தில் கேட்டால் அந்த அம்மா கூச்சப்பட்டு, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்பா. அவ செய்த காரியத்தைப் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். ஆங்கிலத்தில் மனதைத் தொடுவது அதுதான்.

முதலில் இந்த வசனத்தைப் பழகுங்கள்: ‘இட் வோஸ் ஸோ கைண்ட் ஒஃப் யூ டு லுக் ஆஃப்டர் மை சன்.’ எங்களில் பலர் பிழைவிடுவது ‘ஒஃப் யூ’ வருகிற இடத்தில். ‘கைண்ட் ஃபோர் யூ’ என்றால் பிழை. ‘கைண்ட் டு’ சரிதான், ஆனால் அதற்குப் பின்னால் அன்பைப் பெற்றவர் வரவேண்டும்: ‘யூ வேர் ஸோ கைண்ட் டு ஹிம்.’ சூப்பை யாரும் கேட்காமலே அவவாக யோசித்துக் கொண்டுவந்திருந்தால், அதற்குக் ‘கைண்ட்’ என்பதைவிடத் ‘தோட்ஃபுல்’ பொருத்தம். காசையோ நேரத்தையோ தாராளமாகச் செலவழித்தவருக்கு ‘ஜெனரஸ்’. ‘ஸ்வீட் ஒஃப் யூ’ நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டும்; மகனின் பேராசிரியருக்கு அப்படி எழுதவேண்டாம்.

காலமும் முக்கியம். கதவைத் திறந்துவிட்டவருக்கு ‘யூ ஆர் வெரி கைண்ட்’ போதும். மாதக்கணக்காக ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்கு ‘யூ ஹாவ் பீன் ஸோ கைண்ட் டு அவர் ஃபமிலி’ என்று சொல்லுங்கள். அன்று தொடங்கி இன்றுவரை என்ற பொருள் அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது: ‘யூ வென்ட் அவுட் ஒஃப் யுவர் வே டு ஹெல்ப் ஹிம்.’ செய்யவேண்டிய கடமை இல்லாதபோதும் தன் வேலையை விட்டுச் சிரமப்பட்டு உதவினா என்று பொருள். டொக்டரிடம் கூட்டிப்போனதற்கு இதைவிடப் பொருத்தமான பேச்சில்லை.

தவிர்க்கவேண்டியவையும் உண்டு. எளிமையானவர் என்று நினைத்து ‘ஷீ இஸ் எ சிம்பிள் வுமன்’ என்றால், புத்தி குறைந்தவர் என்று அவர்கள் விளங்கிக்கொள்ளக்கூடும். ‘ஹெல்ப்பிங் மைண்ட்’ எங்கள் பக்கத்தில் மட்டும் ஓடும். ‘ஆல்வேஸ் ரெடி டு ஹெல்ப்’ என்பது எங்கும் விளங்கும். ‘பிக் ஒஃப் யூ’ என்பதைத் தொடவேவேண்டாம், அதைப் பெரும்பாலும் குத்தலாகத்தான் சொல்வார்கள். ‘ஐ அப்ரிஷியேட்’ என்று பாதியில் நிறுத்தாமல் ‘ஐ ரியலி அப்ரிஷியேட் இட்’ என்று முடியுங்கள். ‘வெரி வெரி வெரி’ என்று அடுக்கவும் வேண்டாம். ஒரு ‘ஸோ’ அழுத்திச் சொன்னால் போதும்.

வரமுன்னரே வட்ஸ்அப்பில் அனுப்ப இது போதும்: ‘தாங்க் யூ ஃபோர் டேக்கிங் கெயார் ஒஃப் மை சன் வென் ஹீ வோஸ் இல். யூ ரியலி வென்ட் அவுட் ஒஃப் யுவர் வே. வீ வில் நெவர் ஃபொர்கெட் இட்.’ ‘தாங்க் யூ ஃபோர்’ என்பதற்குப் பின் வினைச்சொல் ‘இங்’ சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். ‘தாங்க் யூ ஃபோர் டேக் கெயார்’ என்று எழுதிவிடாதீர்கள்.

பனங்கட்டிக் குட்டானோ பணியாரமோ கையில் கொடுக்கும்போது, ‘திஸ் இஸ் ஜஸ்ட் எ ஸ்மோல் தாங்க் யூ’ என்றால் அழகாக இருக்கும்.

அந்த அம்மா அநேகமாக ‘ஓ, இட் வோஸ் நத்திங்’ என்பா. அது அவர்களுடைய பணிவு. ‘நோ, நோ’ என்று வாதாடாமல், ‘இட் மென்ட் எ லொட் டு அஸ்’ என்று ஒருமுறை மெல்லச் சொல்லிவிட்டு, வேறு கதைக்குப் போய்விடுங்கள்.