பர்செல்லின் எட்டுக் குரல் பாடல்: எந்த வேகத்தில் பாடுவது?

17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் ‘ஹியர் மை பிரேயர், ஓ லார்ட்’ (‘ஆண்டவரே, என் ஜெபத்தைக் கேளும்’) என்ற சேர்ந்திசைப் பாடல் ஒரு ஒலிப்பதிவில் இரண்டு நிமிடம், இன்னொன்றில் மூன்று, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழு பாடும்போது சுருதி இறங்குகிறது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன்.

வேகத்துக்கு மெட்ரோனோம் (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண்ணைத் தேட வேண்டாம். பர்செல் இறந்தது 1695, அந்தக் கருவி வந்தது 19ஆம் நூற்றாண்டில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34 பார் (தாளக் கட்டம்), பாருக்கு நாலு பீட் (தட்டு), மொத்தம் 136 பீட். நிமிடத்துக்கு 54 பீட் வைத்தால் இரண்டரை நிமிடம். நான் அங்கேதான் தொடங்குவேன்.

சோகப் பாட்டு, போதாததற்கு சி மைனர் என்ற சோகமாக ஒலிக்கும் சுர வரிசை, அதனால் இழுக்கத் தோன்றும். இழுத்தால் மூச்சு தீரும், சுருதியும் கூடவே இறங்கும். ஆரம்பத்தைப் பாருங்கள்: ஒரே குரல், சி சுரத்திலேயே நின்று, அதற்குச் சற்று மேலே உள்ள ஈ பிளாட் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அழுகையே இல்லை, முணுமுணுப்புதான். ‘கிரையிங்’ (அழுகை) என்ற சொல் வரும்போதுதான் அரை சுர நெளிவு. அந்த அரை சுரத்தை மட்டும் இரண்டிரண்டு குரலாகத் தனியே பாட வையுங்கள். பெரும்பாலும் சுருதி இறங்குவது அங்கேதான்.

அப்புறம், சத்தத்தை முன்னாலேயே செலவழிக்காதீர்கள். எட்டுக் குரலும் மோதும் உச்சம் முடிவுக்குச் சற்று முன்தான் வருகிறது. கடைசிக் கார்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டில்) சி, ஜி என்ற சுரங்கள் மட்டுமே; நடுவில் ஈ பிளாட் கிடையாது. பழக்கத்தில் யாராவது அதைச் சேர்த்துப் பாடிவிடுவார்கள், கவனியுங்கள்.