பாத்திமா பீவியும் பாத்திமா மேரியும்

மகளுக்குப் பெயர் தேடுகிறோம், பல பண்பாட்டுப் பெண் பெயர்களின் பொருளையும் பிறப்பையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புதுச்சேரிக்காரி. எங்கள் ஊரில் புழங்கும் பெயர்களை வைத்தே சொல்கிறேன்.

பள்ளியில் என் வகுப்பில் பாத்திமா பீவி ஒருத்தி, பாத்திமா மேரி ஒருத்தி. டீச்சர் "பாத்திமா" என்றால் இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள். மேரிக்கு ஏன் அந்தப் பெயர் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. பீவிக்கு வைத்தது நபிகள் நாயகத்தின் மகள் பெயர். பால்குடி மறப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. பால் மறந்து, தேறி நிற்கிற பிள்ளை என்றே எனக்கு அது கேட்கும். அவ்வளவு அழகான பொருள். மேரிக்கு வைத்தது போர்ச்சுகலில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1917இல் அங்கே மூன்று சிறார்களுக்கு மாதா காட்சி கொடுத்தார் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. அந்த ஊர்ப் பெயரே அரபிப் பெயர்தான். அரபு முஸ்லிம்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்தின் மிச்சம். பள்ளிவாசல் வழியாகவும் மாதா கோயில் வழியாகவும் ஒரே பெயர் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

லூர்து மேரியும் அப்படித்தான். பிரான்சில் 1858இல் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் ஊர் லூர்து. வில்லியனூரில் லூர்து மாதா கோயில் இருப்பதால் இந்தப் பக்கம் லூர்துகள் நிறைய.

மேரி, மரியாள், மர்யம் எல்லாம் எபிரேய மிரியாமிலிருந்து வந்தவை. நம் மாரியம்மாளோடு ஒட்டில்லை, ஓசைதான் ஒன்று. இணையப் பட்டியல்களில் மேரிக்குக் 'கசப்பு' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது பல கருத்துகளில் ஒன்று. 'அன்பு' என்ற எகிப்தியச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்களும் உண்டு.

சூசன்னா எபிரேயத்தில் லில்லிப்பூ. மார்கரெட் கிரேக்கத்தில் முத்து, நம் முத்துலட்சுமிக்கு உறவு.

பெயர் எதுவானாலும், அது எந்த மொழிச் சொல் என்று முதலில் கேளுங்கள். மொழியைச் சொல்லாமல் 'அழகானவள்', 'லட்சுமி' என்று மட்டும் போடும் பட்டியலை நம்பவே வேண்டாம்.

என் மகள் கோகிலா. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் அம்மன் கோகிலாம்பிகையின் பெயர், வடமொழியில் குயில். என் மாமியார் மட்டும் முதல் நாளிலிருந்தே "குயிலு" என்றுதான் கூப்பிடுகிறார்.