இடிந்த சுவரில் என்ன இருக்கிறது?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் காலத்துக் கோட்டை ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. "இடிந்த சுவரில் என்ன இருக்கு?" என்கிறார் கணவர். ஒரே நாளில் போய்வர எது நல்லது?

பதில்: ரோச்செஸ்டர் கோட்டை. யோசிக்கவே வேண்டாம். கென்ட் பகுதியில் இருக்கிறது, லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில் வேக ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், ஸ்டேஷனிலிருந்து நடைதான்.

போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள், முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். 1127-க்குப் பிறகு கேன்டர்பரி பேராயர் கட்டிய, சுமார் 34 மீட்டர் உயரக் கோபுரம்தான் கோட்டையின் முக்கியப் பகுதி. மூன்று மூலைகள் சதுரமாக இருக்கும், தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. ஏன் தெரியுமா? 1215-இல் கலகக்காரப் பிரபுக்கள் உள்ளே இருக்க, இங்கிலாந்து மன்னர் ஜான் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் சுவர் அசையவில்லை. அதனால் அந்த மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரங்களை முட்டுக் கொடுத்து, சாப்பிட லாயக்கில்லாத கொழுத்த பன்றிகள் நாற்பதை உடனே அனுப்பச் சொல்லி நவம்பர் 25-இல் கடிதம் எழுதினார். அந்தக் கொழுப்பை ஊற்றித் தீ வைத்ததும் மரம் எரிந்து மூலையே சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை! கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டை போட்டார்கள், கடைசியில் பசிதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் திரும்பக் கட்டியபோதுதான் அந்த மூலை உருண்டையானது.

சரி, உள்ளே போனால் மாடித் தளங்கள் எதுவும் இல்லை, கூரையும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் உத்தரம் செருகிய ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், ஆள் எட்டாத உயரத்தில் கணப்படுப்பு ஒன்று சுவரில் தனியாக நிற்கும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது கிணறுதான். நடுச்சுவருக்குள்ளேயே மேலே வரை குழாய் மாதிரி ஏறுகிறது, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு திறப்பு, அந்தக் காலத்தில் நின்ற இடத்திலேயே தண்ணீர் இறைத்துக்கொண்டார்கள். உங்கள் கணவரை அதன் முன்னால் நிறுத்துங்கள்.

சுழல் படிகள் குறுகலானவை, தேய்ந்தும் இருக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். முழங்கால் வலி இருந்தால் ஏறாமல் கீழேயே சுற்றிப் பாருங்கள். வளாகத்துக்குக் கட்டணம் கிடையாது, கோபுரத்துக்கு மட்டும்தான் டிக்கெட். அப்புறம், எதிரிலேயே கதீட்ரல். அதையும் விட்டுவிடாதீர்கள்.