பழைய வீட்டுக்குக் குடிபோன மகள்

கேள்வி: என் மகளும் மருமகனும் மயிலாடுதுறை பக்கம் 70 வருடப் பழைய ஓட்டு வீட்டை வாங்கி, போன மாதம் குடிபோனார்கள். ஃபிளாட் வாங்கச் சொன்னோம், கேட்கவில்லை. அடுத்த வாரம் நானும் கணவரும் முதல்முறையாகப் போகிறோம். அங்கே குறைதான் கண்ணில் படுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன கொண்டு போவது, என்ன பேசுவது?
- வாசகி, திருச்சி.

பதில்: குறை கண்ணில் படத்தான் செய்யும், சகோதரி. வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். கும்பகோணத்தில் என் தம்பி இப்படி ஒரு வீட்டுக்குக் குடிபோனபோது, உள்ளே நுழைந்ததுமே "ஒரே ஈர வாடையா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். தண்ணீர்ச் சொம்பை நீட்டிய தம்பி மனைவியின் விரல் நுனிகள் சுண்ணாம்பு பட்டுத் தோலுரிந்திருந்தன. நான் வருகிறேன் என்று முதல் நாள் முழுக்கக் கூடத்துக்கு வெள்ளையடித்திருக்கிறாள். அந்த விரல்களை நான் இன்னும் மறக்கவில்லை.

"சிமென்ட் பூசி நல்ல பெயின்ட் அடியுங்கள்" என்றும் சொல்ல வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, காரை பொரிந்து கொட்டும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி.

உப்பு, மஞ்சள், பருப்போடு நல்ல டார்ச் லைட் ஒன்றும் கொண்டு போங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓடு பார்த்தாக வேண்டும். பட்டப்பகலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். விரிசல் விட்ட ஓடு, நகர்ந்த ஓடு இருக்கும் இடத்தில் ஊசி வெளிச்சம் தெரியும். அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறி வைத்துவிட்டால், ஓடு மாற்ற வருபவருக்குத் தேட வேண்டியதில்லை. கூரையின் மரச் சட்டங்களுக்கு டார்ச் அடித்துக் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சீமை ஓடாக, அதாவது மங்களூர் ஓடாக இருந்தால் பழைய ஓடு ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் அது. பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்தன. அளவும் பள்ளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றோடொன்று சேராது.

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். அது வயரிங். மரக்கட்டையில் ஓடும் பழைய வயர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதில் கீசர், வாஷிங் மெஷின் மாட்டவே கூடாது. புதுமனைக்குச் சீராக என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால், வெள்ளி விளக்கை விட அந்த வயரிங் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு ராத்திரியாவது தங்குங்கள். விருந்தாளியாகச் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ் பிடித்தால் மகளுக்கு மனசு ஆறாது. சாயங்காலம் உங்கள் கணவர் திண்ணையில் போய் உட்காரட்டும். மருமகனும் பக்கத்தில் வந்து உட்காருவார். ஓட்டுப் பேச்சையும் வயரிங் பேச்சையும் அங்கே எடுக்கச் சொல்லுங்கள்.