அபாய வரைபடம் வெளியிட்டால் கடலோரச் சுற்றுலா ஊர் படுத்துவிடாதா?

"நிலச்சரிவு அபாயத்தை வரைபடமாகப் போட்டால் வீட்டு விலை விழாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தோராயமான வரைபடமும் வதந்தியும்தான் விலையை அடிக்கும் என்பேன். நில அமைப்பியல் படித்த எனக்கு இதற்கு உடனே நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் உள்ள வென்ட்னர்.

கடலைப் பார்த்தபடி படிப்படியாக இறங்கும் விக்டோரியா காலத்து வீடுகள், அவ்வளவு அழகு. அந்தப் படிகளே பழைய நிலச்சரிவு விட்டுப்போனவைதான். மேலே சுண்ணப்பாறையும் மணற்பாறையும், அடியில் கால்ட் என்ற களிமண். மழைநீர் இறங்கி நிலத்தடி நீர் ஏறினால், மேலுள்ள பாரம் களிமண்ணில் வழுக்கிக் கடலை நோக்கி நகர்கிறது. இதன்மேல் ஏறக்குறைய 6,000 பேர் குடியிருக்கிறார்கள்.

ஊரே ஆபத்து என்ற பேச்சு பரவினால் வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் எல்லாம் இழுபறிதான். அசையாத தெருவுக்கும் அதே முத்திரை விழும். அரசு செய்யச் சொல்லி 1991-இல் வெளியான ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. நிலத்தின் வடிவத்தை 1:2500 அளவில், அதாவது வரைபடத்தில் ஒரு செ.மீ. என்றால் தரையில் 25 மீட்டர் என்று, வரைந்தார்கள். தெருத்தெருவாகப் போய்ச் சுவர் விரிசல், சாய்ந்த மதில், புடைத்த ரோடு எல்லாவற்றையும் குறித்தார்கள். பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, எந்த இடம் எப்போது அசைந்தது என்றும் சேர்த்தார்கள். பெரும்பகுதி மிக மெதுவாகத்தான் நகர்கிறது, சேதம் சில பட்டைகளில்தான் குவிந்திருக்கிறது என்று அப்போது தெளிவானது. மேல் வென்ட்னரில் அப்படியொரு பட்டை நியூபோர்ட் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது; நிலம் அங்கே தாழ்ந்துகொண்டே போவதால் ரோட்டுக்கு மறுபடி மறுபடி ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

அப்புறம் திட்டமிடலுக்கென்று தனி வரைபடம்: எங்கே கட்டலாம், எங்கே நிபந்தனையோடு கட்டலாம், எங்கே கட்டவே கூடாது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது தண்ணீர் விஷயம். மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஒழுகும் குழாயை மாற்றலாம், கூரைத் தண்ணீரை உறிஞ்சுகுழியில் விடாமல் வடிகாலுக்குத் திருப்பலாம். எந்தத் தெருவில் முதலில் செய்ய வேண்டும் என்று வரைபடம் காட்டிவிடும்.

வரைபடம் இருந்தால் சரிவு நின்றுவிடாதுதான். 2023 டிசம்பரில் பக்கத்து பான்சர்ச்சில் பெரிய சரிவு ஏற்பட்டு, லீசன் ரோடு மூடப்பட்டது, சிலர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் ஊரில் வரைபடம் வந்தால் அது எந்த அளவில் வரையப்பட்டது, சேதக் குறிப்புகள் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். மாவட்டம் முழுவதற்கும் சிவப்பு பூசிய 1:50,000 வரைபடத்தை (ஒரு செ.மீ.க்கு 500 மீட்டர்) மட்டும் வைத்து ஒருவருடைய மனைக்கு அனுமதி கொடுப்பதும் சரி, மறுப்பதும் சரி, அநியாயம்.